கேமராவில் பட்டனா, சுவிட்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வாங்கும்போது எல்லோரும் மெகாபிக்சல் கேட்கிறார்கள், லென்ஸ் விலை கேட்கிறார்கள். வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் கேள்வி மாறிவிடுகிறது: “ஃபோகஸ் மோடை மாற்ற ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது?” கல்யாணம், பறவை, மேடை நிகழ்ச்சி எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்து, எனக்குத் தெரிந்த பதில்களைத் தந்திருக்கிறேன். எனக்குச் சுவிட்ச் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பட்டன், சுவிட்ச் இரண்டுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

அழுத்தி விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவது பட்டன். நகர்த்திய இடத்திலேயே நிற்பது சுவிட்ச். கேட்டால் சின்ன விஷயம்தான், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பட்டனைத் தொட்டுப் பார்த்தால் கேமரா இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. அதைத் திரைதான் சொல்ல வேண்டும். சுவிட்சைத் தொட்டாலே தெரிந்துவிடும், கேமரா ஆஃப் ஆகியிருந்தாலும் தெரியும். வீட்டு மின்விசிறிக்குப் பழைய சுழற்றும் ரெகுலேட்டர் இருந்தால், அது மூன்றில் இருக்கிறதா ஐந்தில் இருக்கிறதா என்று இருட்டில் தடவியே சொல்லிவிடலாம். ரிமோட்டை எவ்வளவு தடவினாலும் தெரியாது.

டயலிலும் இதே இரண்டு வகை உண்டு. ஷட்டர் வேகமோ ஐஎஸ்ஓவோ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) எண்ணாக எழுதியிருக்கும் டயல் சுவிட்சோடு சேரும். எண் எதுவும் இல்லாமல் முடிவின்றிச் சுற்றும் கமாண்ட் டயல் பட்டனோடு சேரும்.

தோற்றத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நிக்கான் டி7000-இல் லைவ் வியூவுக்கு (பின்பக்கத் திரையில் பார்த்து எடுப்பதற்கு) ஒரு லீவர் உண்டு. பார்த்தால் சுவிட்ச் போலவே இருக்கும். தள்ளி விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அது சுவிட்ச் உருவத்தில் இருக்கும் பட்டன்.

சுவிட்ச் வேண்டும் என்பது பழைய கேமரா மேல் உள்ள ஆசைதானே?

சிலருக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரு உதாரணம் பாருங்கள். 2007-இல் வந்த நிக்கான் டி300-இன் முன்பக்கம், லென்ஸ் மவுண்டுக்கு அருகில், சி, எஸ், எம் என்று மூன்று நிலைச் சுவிட்ச் ஒன்று இருந்தது. ஓடுவதைத் தொடரும் ஃபோகஸ், ஒரே முறை பிடித்து நிறுத்தும் ஃபோகஸ், கையால் செய்யும் ஃபோகஸ். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடியே இடது கை விரலால் தொட்டு, எதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கேமராவைப் பையிலிருந்து எடுக்கும்போதே, ஆன் செய்வதற்கு முன்பே, சரியான இடத்துக்குத் தள்ளிவிடலாம்.

இதில் பழமை எதுவும் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் மேடையைச் சுற்றி இருபது பேர் நெருக்கி நிற்கும்போது திரையைப் பார்த்து உறுதி செய்துகொள்ள அவகாசம் கிடைக்காது. அந்த இடத்தில் விரல் தரும் தகவல் கண் தரும் தகவலைவிட வேகமானது.

போனிலும் இதுவே நடந்தது. 2007-இல் வந்த முதல் ஐஃபோனிலிருந்தே பக்கவாட்டில் சைலன்ட் சுவிட்ச் ஒன்று இருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டே போன் சைலன்ட்டில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். 2023-இல் ஐஃபோன் 15 ப்ரோவில் அந்த இடத்தை ஆக்‌ஷன் பட்டன் பிடித்துக்கொண்டது. பட்டன் டார்ச் அடிக்கும், கேமரா திறக்கும், நாம் சொல்லும் பல வேலைகளில் ஒன்றைச் செய்யும். ஆனால் பைக்குள் தடவி நிலை அறிவது போய்விட்டது.

அவ்வளவு நல்லதென்றால் நிறுவனங்கள் ஏன் சுவிட்சை எடுத்துவிட்டன?

செலவைக் குறைக்க என்றுதான் பலர் உடனே சொல்வார்கள். செலவும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. சுவிட்ச் பிரியர்கள் அதைப் பேசுவதே இல்லை.

2010-இல் வந்த நிக்கான் டி7000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிலைச் சுவிட்ச் அதில் இல்லை. ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்), எம் (கையால் செய்யும் ஃபோகஸ்) என்று இரண்டே நிலை உள்ள லீவர், அதன் நடுவில் ஒரு பட்டன். நடுப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின் டயலைத் திருப்பினால் ஃபோகஸ் மோடும், முன் டயலைத் திருப்பினால் ஃபோகஸ் பகுதியும் மாறும். அதே கேமராவில்தான் மோட் டயலில் யூ1, யூ2 என்று இரண்டு புது நிலைகளும் வந்தன. நமக்கு வேண்டிய அமைப்புகளை மொத்தமாகச் சேமித்து வைத்து, ஒரு திருப்பில் எடுத்துக்கொள்ளும் வசதி.

இப்போது யோசியுங்கள். யூ1-இல் ரிசப்ஷன் மேடைக்கு: ஃபிளாஷ், 1/125, ஒரே முறை பிடிக்கும் ஃபோகஸ். யூ2-இல் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு: 1/500, தொடரும் ஃபோகஸ். டயலை யூ1-இலிருந்து யூ2-க்குத் திருப்பினால் ஃபோகஸ் மோடும் சேர்ந்து மாற வேண்டும். அங்கே மூன்று நிலைச் சுவிட்ச் இருந்தால் என்ன ஆகும்? சுவிட்ச் ‘எஸ்’ஸில் நிற்கிறது, சேமித்த அமைப்போ ‘சி’ என்கிறது. சுவிட்ச் சொல்வதைக் கேமரா கேட்டால் சேமித்தது பாதிதான் வேலை செய்யும். சேமித்ததைக் கேட்டால் சுவிட்ச் பொய் சொல்லும். பொய் சொல்லும் சுவிட்ச், சுவிட்ச் இல்லாததைவிட மோசம்.

ஆக, விரலால் நிலையை அறிவது, ஒரே அசைவில் பத்து அமைப்புகளை மாற்றுவது, இரண்டில் ஒன்றைத்தான் முழுதாக வைத்துக்கொள்ள முடியும். மோட்டார் வைத்துத் தானாக நகரும் சுவிட்ச் இருந்தால் இரண்டும் கிடைக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களின் மிக்ஸர் பலகைகளில் அப்படி நகரும் ஃபேடர்கள் உண்டு. கேமராவில் அதற்கு இடம் ஏது?

யூ1, யூ2, மற்ற நிறுவனங்களில் அதே வேலைக்கு இருக்கும் சி1, சி2 போன்றவற்றை நிஜமாகவே பயன்படுத்துகிறவர் என்றால் உங்களுக்குப் பட்டன்தான் சரி. சுவிட்சைத் தேடி அலைய வேண்டாம். அவற்றைத் தொட்டதே இல்லை என்பவர்களுக்கு (எனக்குத் தெரிந்தவர்களில் பலர் இந்த ரகம்) அந்தச் சுவிட்ச் போனது நஷ்டம்தான்.

நிக்கான் அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 2021-இல் வந்த இசட்9-இல் லென்ஸ் மவுண்டுக்குப் பக்கத்தில் ஃபோகஸ் மோடுக்கென்று தனி இடம் திரும்பக் கிடைத்தது. அங்கே இருப்பதும் பட்டன்தான்.

ஃபியூஜி, நிக்கான் இசட்எஃப் மாதிரி எண் எழுதிய டயல்கள் உள்ள கேமரா வாங்கலாமா?

படம் எடுப்பதை மெதுவாக ரசிப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம். மேலிருந்து ஒரு பார்வை பார்த்தால் ஷட்டர், ஐஎஸ்ஓ, எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் தெரியும். கேமரா கற்றுக்கொள்கிறவர்களுக்கும் இது நல்லது. எந்த எண் எதை மாற்றுகிறது என்பது கையோடு மனதில் பதியும்.

ஆனால் மேலே சொன்ன பொய் இங்கேயும் எட்டிப் பார்க்கும். 2023-இல் வந்த இசட்எஃப்பில் ஐஎஸ்ஓ டயலுக்கு அடியில் மோட் மாற்றும் லீவர் இருக்கிறது. அதை அபர்ச்சர் முன்னுரிமையில் (லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் மோட்) வைத்தால் ஷட்டர் டயலுக்கு வேலை கிடையாது. டயல் 1/4000 என்று காட்டிக்கொண்டிருக்கும். கேமரா 1/60-இல் எடுத்துக்கொண்டிருக்கும். ஃபியூஜியின் பழைய பாணி இதில் தெளிவு: மோட் டயலே கிடையாது. ஷட்டர் டயலை ‘ஏ’வில் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும், லென்ஸ் வளையத்தை ‘ஏ’வில் வைத்தால் அபர்ச்சரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். எண்ணில் இருந்தால் அந்த எண்தான். வளையம் இல்லாத, அல்லது எண் எழுதாத லென்ஸைப் போடும்போது மட்டும் இந்த அழகு கொஞ்சம் குலையும்.

இன்னொன்று, ஷட்டர் டயலில் எழுதியிருப்பவை பெரும்பாலும் முழு ஸ்டாப்புகள்தான் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் படிகள்). நடுவில் உள்ள 1/160, 1/200 வேண்டுமென்றால் கமாண்ட் டயலுக்குப் போக வேண்டும். அப்போது எழுதிய எண்ணும் உண்மையான எண்ணும் மறுபடி விலகுகின்றன.

ஃபியூஜிக்கும் இந்த இழுபறி தெரியும் போலிருக்கிறது. 2022-இல் எக்ஸ்-டி5-ஐ எண் டயல்களோடும், எக்ஸ்-எச்2எஸ்-ஐ சாதாரண மோட் டயலோடும் ஒரே ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகமாக வேலை செய்பவர்களுக்கென்று செய்த பாடியில் எண் டயல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஷட்டர், அபர்ச்சர் மாற்ற இரண்டு பட்டன் போதாதா? ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று?

அதையும் செய்து பார்த்தாயிற்று. 1985-இல் மினோல்டா 7000 வந்தபோது அதில் டயலே இல்லை, எல்லாம் பட்டன். அந்தக் காலத்தில் அதுதான் நவீனம். 1/60-இலிருந்து 1/1000-க்குப் போக எத்தனை முறை அழுத்துவது? அழுத்திப் பிடித்தால் ஓடும்தான், ஆனால் வேண்டிய இடத்தில் நிற்காது. அடுத்த ஆண்டே கேனான் டி90-இல் ஷட்டர் பட்டனுக்குப் பின்னால், ஆள்காட்டி விரலுக்கு நேராக ஒரு சக்கரம் வந்தது. ஒரு தள்ளில் ஐந்து கிளிக். 1987-இல் ஈஓஎஸ் வரிசைக்கும் அது போனது, இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் கேமராக்களிலும் அந்தச் சக்கரம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பட்டன் புரட்சி செய்த அதே மினோல்டா 2000-இல் டைனாக்ஸ் 7 என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்து, பாடி முழுக்க டயலும் சுவிட்சுமாக நிரப்பிவிட்டது.

அப்போ எதற்கு எது இருக்க வேண்டும்?

இரண்டு மூன்று நிலைகள் மட்டுமே உள்ளது, தவறான நிலையில் இருந்தால் படமே போய்விடும் என்பது, கேமராவை ஆன் செய்யும் முன்பே தெரிந்திருக்க வேண்டியது: இவை சுவிட்சாக இருக்கட்டும். ஆன்/ஆஃப், புகைப்படமா வீடியோவா, ஆட்டோ ஃபோகஸா மேனுவலா.

புகைப்படம்/வீடியோ மாற்றத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மண்டபத்து விளக்கில் வீடியோ மினுங்காமல் இருக்க 1/50 அல்லது 1/100-இல் வைக்கிறோம். அப்படியே புகைப்படத்துக்கு மாறினால் 1/50-இல் எல்லோரும் கலங்கித் தெரிவார்கள். 2021-இன் சோனி ஏ7 மார்க் 4-இல் மோட் டயலுக்கு அடியில் புகைப்படம், வீடியோ, ஸ்லோ மோஷன் என்று தனி வளையம் இருக்கிறது. புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் தனித்தனி அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்துகொள்ளலாம். சுவிட்சும் நினைவகமும் மோதாமல் ஒத்துப்போகும் அருமையான இடம் இது. சுவிட்சின் ஒவ்வொரு நிலைக்கும் அதனதன் அமைப்பு, அவ்வளவுதான்.

ஷட்டர், அபர்ச்சர், ஐஎஸ்ஓ போலப் பல மதிப்புகள் உள்ளவை, நிமிடத்துக்கு நிமிடம் மாறுபவை எண்ணில்லாத டயலுக்கு. எப்போதாவது தொடுபவை மெனுவுக்கு. கார்டு ஃபார்மேட் செய்ய எனக்குச் சுவிட்ச் வேண்டாம், நன்றி.

சுவிட்ச், டயல் எல்லாம் பையில் உரசித் தானாக நகர்ந்துவிடுகிறதே?

நகரும். சுவிட்சுக்கு எதிரான மிக நியாயமான புகார் இதுதான். லென்ஸில் உள்ள ஏஎஃப்/எம்எஃப் சுவிட்ச் பையின் தடுப்பில் உரசி எம்எஃப்புக்குப் போய்விடுவது தினப்படிக் கதை.

கேனான் 5டி மார்க் 2-இன் மோட் டயலுக்குப் பூட்டு கிடையாது. புகார்கள் வந்து, பிறகு கட்டணம் வாங்கிக்கொண்டு பூட்டு உள்ள டயலை மாற்றித் தரும் சேவையையே கேனான் அறிவித்தது. 2012-இல் வந்த மார்க் 3-இல் நடுவே பூட்டுப் பட்டனோடுதான் டயல் வந்தது.

பூட்டிலும் நல்லது கெட்டது உண்டு. அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டிய பூட்டு எரிச்சல். 2014-இன் ஃபியூஜி எக்ஸ்-டி1-இல் ஐஎஸ்ஓ டயல் அப்படித்தான் இருந்தது. எக்ஸ்-டி2-இல் ஒரு முறை அழுத்தினால் பூட்டும், மறுமுறை அழுத்தினால் திறக்கும் என்று மாற்றினார்கள். வேண்டியவர்கள் பூட்டிக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் திறந்தே வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல பூட்டு நான் பார்க்கவில்லை.

லென்ஸ் சுவிட்சுக்கு ஒரு சின்ன துண்டு காஃபர் டேப் (பசை தங்காமல் உரியும் துணி டேப்) ஒட்டுங்கள். கரண்ட் வேலைக்குப் பயன்படுத்தும் இன்சுலேஷன் டேப் வேண்டாம்; வெயிலில் பசை உருகிச் சுவிட்சைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

பட்டனோ சுவிட்சோ, எங்கே இருக்கிறது என்பது முக்கியமா?

பல நேரம் எது என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். வலது கை ஆள்காட்டி விரலுக்கு ஷட்டரும் முன் டயலும், கட்டைவிரலுக்குப் பின்பக்கம். இடது கை லென்ஸைத் தாங்குகிறது. பெரிய டெலி லென்ஸ் மாட்டியிருக்கும்போது இடது கையை எடுத்தால் கேமரா தலை குனிந்துவிடும். ஆகவே பாடியின் இடது மேல்பக்கம் இருக்கும் எதுவும், அது எவ்வளவு நல்ல சுவிட்சாக இருந்தாலும், பறவை எடுப்பவருக்குக் கிட்டத்தட்ட மெனுவுக்குச் சமம்.

ஷட்டர் பட்டனைச் சுற்றியே பவர் சுவிட்ச் வைக்கும் நிக்கான் பழக்கம் இதனால்தான் பலருக்குப் பிடிக்கும். ஒரு கையால் எடுத்து, ஆன் செய்து, அதே விரலால் படம் எடுத்துவிடலாம். கேனான் பல பாடிகளில் அதை இடது பக்கம் வைத்திருந்தது. 2022-இல் ஆர்6 மார்க் 2-இல் வலது பக்கம் கொண்டுவந்து, இடது பக்க இடத்தைப் புகைப்படம்/வீடியோ சுவிட்சுக்குக் கொடுத்தது. நல்ல மாற்றம்.

எல்லாப் பட்டனும் ஒரே மாதிரி இருக்கிறது, தடவிக் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்ய?

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே இந்தப் பிரச்சினை உண்டு. பி-17 விமானங்களில் இறக்கை ஃபிளாப்புக்கும் சக்கரத்துக்கும் உள்ள கட்டுப்பாடுகள் அருகருகே ஒரே மாதிரி இருந்ததால், தரையிறங்கிய பிறகு ஃபிளாப்பை மடக்குவதாக நினைத்து விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் ஒன்றுக்குச் சக்கர வடிவம், இன்னொன்றுக்கு ஆப்பு வடிவம் என்று கைப்பிடியை மாற்றச் சொன்னார்.

கேமராவில் அவ்வளவு வடிவ வேறுபாடு கிடைக்காது. கேனானின் பல எஸ்எல்ஆர்களில் ஐஎஸ்ஓ பட்டனில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். உங்கள் கேமராவில் அது இல்லையென்றால் கடைகளில் கிடைக்கும் சின்ன ரப்பர் புள்ளி ஸ்டிக்கரை முக்கியமான ஒரே ஒரு பட்டனில் ஒட்டுங்கள். எல்லாவற்றிலும் ஒட்டினால் மறுபடி எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

டச் போதாதா? போனில் எல்லாம் டச்தானே?

ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கவும், படங்களைத் தள்ளிப் பார்க்கவும் டச் நல்லது. கண்ணை வியூஃபைண்டரில் வைத்துவிட்டால் கதை வேறு. 2018-இல் கேனான் ஈஓஎஸ் ஆரில் கட்டைவிரல் இடத்தில் தொட்டு இழுக்கும் பட்டை ஒன்றை வைத்தது. தொட்டதா தொடவில்லையா என்று விரலுக்குத் தெரியாது, தெரியாமல் கை பட்டாலும் மாறும். 2020-இல் ஆர்5, ஆர்6 வந்தபோது அந்தப் பட்டை காணாமல் போய், பழைய ஜாய்ஸ்டிக் வந்துவிட்டது. வியர்த்த விரல், மழைத்துளி இரண்டும் டச்சுக்கு ஆகாது என்பதைச் சென்னையில் மே மாதம் வெளியில் படம் எடுத்தவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

எது அதிக நாள் உழைக்கும்?

ரப்பர் உறைக்குள் இருக்கும் பட்டனைத் தூசி, தண்ணீரிலிருந்து காப்பது எளிது. சுவிட்ச், டயல் இரண்டுக்கும் அசையும் தண்டு உள்ளே போக வேண்டும். அந்த வழியை அடைக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வேண்டும். டயலை ஒரு பக்கமே திருப்பியும் எண் முன்னும் பின்னும் தாவினால் உள்ளே தொடுமுனைகள் அழுக்காகியோ தேய்ந்தோ இருக்கின்றன என்று பொருள். சர்வீஸுக்குக் கொடுங்கள், வெளியிலிருந்து ஸ்பிரே அடிக்க வேண்டாம்.

என் கேமராவில் ஃபோகஸ் சுவிட்சே இல்லை. வேறு வழி?

உண்டு, பல நேரம் அது சுவிட்சைவிட நன்றாகவே இருக்கும். ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கம் உள்ள ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு மட்டும் கொடுங்கள். கேமராவைத் தொடரும் ஃபோகஸிலேயே வைத்துவிடுங்கள். கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தால் தொடரும். பிடித்துவிட்டு விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். எஸ், சி இரண்டும் ஒரே பட்டனில். விரல் அழுத்திக்கொண்டிருப்பதே நிலையைச் சொல்லிவிடுவதால் திரையைப் பார்க்கத் தேவையில்லை.

இதே யோசனையை நீட்டலாம். சோனியில் சில அமைப்புகளை மொத்தமாகச் சேமித்து, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் அவை வரும்படி செய்யலாம். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250, அது சட்டென்று பறந்தால் பட்டனைப் பிடித்ததும் 1/2000. விட்டதும் பழையபடி. மறந்துபோய் அதே நிலையில் விட்டுவிடுவோமோ என்ற பயமே இல்லை. பழகும் வரை கட்டைவிரல் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

கேனானில் விலை குறைந்த சில ஆர்எஃப் லென்ஸ்களில் ஏஎஃப்/எம்எஃப் சுவிட்ச் இருக்காது. ஆர்7, ஆர்10 பாடிகளில் முன்பக்கமே அந்தச் சுவிட்ச் இருப்பதால் கவலையில்லை. வேறு பாடி என்றால் ஏதாவது ஒரு பட்டனுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

நீங்கள் வழக்கமாகப் போடும் எடையுள்ள லென்ஸை மாட்டித் தரச் சொல்லுங்கள். சின்ன கிட் லென்ஸோடு பார்த்தால் எல்லாக் கேமராவும் வசதியாகத்தான் இருக்கும். முதலில் ஆஃபில் வைத்து, பார்க்காமல் தடவி, எதெல்லாம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். பிறகு ஆன் செய்து வியூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் மூன்று விஷயம் செய்யுங்கள்: ஃபோகஸ் மோடை மாற்றுங்கள், ஐஎஸ்ஓவை 400-இலிருந்து 3200-க்குக் கொண்டுபோங்கள், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். விற்பனையாளர் “இதைக் கஸ்டமைஸ் பண்ணிக்கலாம் சார்” என்றால், பண்ணித் தரச் சொல்லி இன்னொரு முறை செய்து பாருங்கள். மூன்றில் எதற்கு இடது கை லென்ஸை விட்டு வந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பாடியைக் கையில் எடுங்கள்.